கொங்கு நாட்டின் சமையல் மேடையும் அதன் பூச்சுகளும்

கொங்கு நாட்டு வீடுகளில் சமையல் நடக்கும் பரப்பு கடந்த நூறாண்டுகளில் மண் தரையிலிருந்து இடுப்பளவு மேடைக்கு உயர்ந்துள்ளது. மண், சிமெண்ட், கடப்பைக்கல், மொசைக், கிரானைட் என அடிப்பொருள் மாறியபோது அதன் மேல் இடும் பூச்சும் மாறியது. சாணி, சுண்ணாம்பு, சிவப்புச் சிமெண்ட், மெழுகு, எண்ணெய் ஆகியவற்றின் வரிசையில் இன்று எப்பாக்சி சேர்ந்துள்ளது. பழைய மேடையை உடைக்காமல் அதன்மேல் பூசிப் புதுப்பிக்கும் முறை தற்போது புதிய தொழில்நுட்பமாக அறிமுகமாகிறது. ஆனால் தேய்ந்த பரப்பின் மேல் மெல்லிய பூச்சிட்டுப் புதுப்பிப்பது இவ்வட்டாரத்து அடுப்படியின் மிகப் பழைய வழக்கமாகும். சத்தியமங்கலம் வட்டாரத்தை முன்வைத்து அந்த வழக்கத்தின் வரலாற்றை இக்கட்டுரை விவரிக்கிறது.

நிலமும் வீடும்

சத்தியமங்கலம் பவானி ஆற்றங்கரையில், மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த ஊர். ஈரோடு மாவட்டம் 1979-இல் பிரிக்கப்படும்வரை இது கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஊருக்கு மேற்கே உள்ள பவானிசாகர் அணை 1955-இல் முடிக்கப்பட்டது. அணையும் கீழ்பவானி வாய்க்காலும் வட்டாரத்தின் வேளாண்மையை மாற்றின. நெல், கரும்பு, மஞ்சள், வாழை, மல்லிகை ஆகியவற்றின் வருவாய் ஓட்டு வீடுகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்ற உதவியது.

அதற்கு முன் வீடு கட்டும் பொருள்கள் பெரும்பாலும் கிட்டத்திலேயே கிடைத்தன. செம்மண், மூங்கில், பனை, தென்னை, சுக்கான்கல், காளவாயில் சுட்ட செங்கல், ஓடு ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. வசதியான வேளாண் குடும்பங்களின் தொட்டிக்கட்டு வீடுகளில் நடுவே வாசலும், சுற்றிலும் ஆசாரமும் அறைகளும், ஒரு புறம் அடுப்படியும் இருந்தன. எளிய குடும்பங்களின் வீடுகளில் அடுப்படி தனி அறையாக இல்லாமல் வீட்டின் ஒரு மூலையாகவோ தாழ்வாரமாகவோ இருந்தது. மலைப்பகுதியில் வாழும் சோளகர், ஊராளி மக்கள் மூங்கில் தட்டிகளின் மேல் மண் பூசிச் சுவர் எழுப்பினர். வசதியில் வேறுபட்டிருந்த இவ்வீடுகள் அனைத்திலும் சமையல் தரையில்தான் நடந்தது.

சாணி மெழுக்கு

தரை அடுப்பு களிமண்ணால் கட்டப்பட்டது. அதன் பக்கத்தில், தீயைப் பகிர்ந்துகொள்ளும் கொடியடுப்பும் இருக்கும். அரைப்பதற்கு அம்மியும் ஆட்டுக்கல்லும் தரையில் இருந்தன. ஆகவே இன்று மேடை செய்யும் வேலை முழுவதையும் அன்று தரையே செய்தது. நீரும் எண்ணெயும் சாம்பலும் விழுந்துகொண்டே இருந்த அத்தரை விரைவில் பெயர்ந்தது. அதைச் சீராக்கும் முறையே மெழுகுதல். கொங்கு வட்டாரத்தில் இதை வழித்தல் என்றும் கூறுவர்.

பசுஞ்சாணியைத் தண்ணீரில் கரைத்துக் கையால் அரைவட்டமாக இழுத்துப் பூசுவது வழக்கம். மாடு முழுமையாகச் செரிக்காத புல்லின் நார் சாணியில் எஞ்சியிருக்கும். அந்த நார் மண்ணைப் பிணைத்து, வெடிப்பைக் குறைத்து, புழுதியை அடக்குகிறது. அடுப்பைச் சுற்றிய இடத்துக்குக் கரித்தூள் கலந்த சாணியைப் பூசுவதும் உண்டு. புகையால் வரும் கறை அப்போது தனியாகத் தெரியாது. வெள்ளிக்கிழமையும் நோன்பு நாள்களிலும் அடுப்பை மெழுகிக் கோலமிட்ட பின்னரே சமையல் தொடங்கியது.

தமிழில் இவ்வழக்கத்தின் பழமைக்கு இலக்கியச் சான்று உண்டு. புறநானூற்றின் 249-ஆம் பாடல், கணவனை இழந்த பெண்ணொருத்தி அவனுக்குப் படையலிடச் சிறிய இடத்தைச் சாணியால் மெழுகுவதைக் காட்டுகிறது. சாணிக்கு அப்பாடல் ஆளும் சொல் ஆப்பி என்பதாகும். கோயிலைக் கூட்டி மெழுகுவதைத் தேவாரம் திருத்தொண்டாகக் கூறுகிறது. திருவதிகைக் கோயிலில் திலகவதியார் அத்தொண்டைச் செய்ததாகப் பெரியபுராணம் பதிவு செய்கிறது.

சாணி மெழுக்கின் ஆயுள் சில நாள்களே. பரப்பு பெயர்ந்தால் செலவின்றி மறுநாளே மீண்டும் பூசலாம் என்பது அதன் வலிமை. தரை ஒருபோதும் முழுமையாகத் தூய்மையாகாது என்பது அதன் குறை. சாணியில் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். டெட்டனஸ் நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் கால்நடைச் சாணத்திலும் மண்ணிலும் காணப்படுவதை மருத்துவம் உறுதி செய்துள்ளது. குனிந்தும் குந்தியும் செய்ய வேண்டிய இவ்வேலை முழுவதும் பெண்களிடமே இருந்தது.

சுண்ணாம்பு

சாணிக்கு அடுத்த நிலையில் இருந்த பூச்சு சுண்ணாம்பு. கொங்கு நிலத்தில் பரவலாகக் கிடைக்கும் சுக்கான்கல்லைக் காளவாயில் சுட்டால் அது சுட்ட சுண்ணாம்பாகிறது. இதற்குச் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. நீர் விட்டதும் சூட்டோடு நீறிப் பொடியாகும். பூசிய பிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மீண்டும் கல்லாக இறுகும்.

மணலும் சுண்ணாம்பும் சேர்த்து அரைத்த காரையில் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் கலப்பது தமிழகக் கொத்தர்களின் மரபு. வசதியான வீடுகளின் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் இக்காரையால் பூசப்பட்டன. மற்ற வீடுகளில் சுண்ணாம்பு ஆண்டுக்கொரு முறை அடிக்கும் வெள்ளையாக வந்தது. தைப்பொங்கலுக்கு முந்தைய நாள் கொங்கு நாட்டில் காப்புக்கட்டு எனப்படும். அன்று பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டி வீட்டின் கூரையிலும் தோட்டத்திலும் செருகுவர். அதற்குமுன் வீட்டுக்கு வெள்ளையடித்து முடிக்க வேண்டும். ஆண்டு முழுவதும் அடுப்படிச் சுவரில் படிந்த புகைக்கரி அந்த ஒரு நாளில் மறைந்தது.

சுண்ணாம்பு ஈரத்தைத் தன் வழியே வெளியேற விடும் பூச்சு. சுவருக்குள் ஏறிய நீர் ஆவியாகிப் போக இடமிருந்ததால் பூச்சு கொப்பளிக்கவில்லை, பொடியாக மட்டுமே உதிர்ந்தது. பின்னர் வந்த பூச்சுகளின் தோல்வியைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு முதன்மையானது.

சிமெண்டும் சிவப்புப் பூச்சும்

போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் 1824-இல் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் சிமெண்ட் தயாரிக்கும் முதல் முயற்சி 1904-இல் சென்னையில் நடந்தது. அது நிலைக்கவில்லை. கோயம்புத்தூரை அடுத்த மதுக்கரையில், அங்குள்ள சுண்ணாம்புக்கல் வளத்தை நம்பி 1930-களில் சிமெண்ட் ஆலை அமைந்தது. 1960-களில் சேலம் மாவட்டம் சங்ககிரியில் மற்றோர் ஆலை தொடங்கியது. இவ்வாறு கொங்கு நாட்டின் இரு புறங்களிலும் சிமெண்ட் உற்பத்தியானது.

சிமெண்ட் வந்ததும் அடுப்படித் தரைக்கும் பின்னர் மேடைக்கும் பரவிய பூச்சு, இரும்பு ஆக்சைடு கலந்த சிவப்புச் சிமெண்ட். இது காவித்தரை, ரெட் ஆக்சைடு தரை என்ற பெயர்களில் அறியப்படுகிறது. ஈரமான சிமெண்ட் கலவையின் மேல் சிவப்புப் பொடி கலந்த சிமெண்டை மெல்லிய அடுக்காக இட்டு, அது இறுகும் முன்பே கரணையால் அழுத்தி இழைத்துப் பளபளப்பாக்குவர். பின் பல நாள்கள் நீர் தேக்கி வைத்து, காய்ந்த பிறகு மெழுகோ தேங்காயெண்ணெயோ தேய்ப்பர். நல்ல கொத்தர் இழைத்த தரை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் நிலைத்திருக்கிறது. எண்ணெய் தேய்க்கத் தேய்க்க அதன் நிறம் ஆழமாகும்.

எனினும் சமையலில் சிமெண்டுக்கு ஒரு பகை உண்டு. சிமெண்டிலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் புளி, எலுமிச்சை, தயிர் ஆகியவற்றின் அமிலம் அரிக்கிறது. புளி கரைத்த இடம் சொரசொரப்பாகி, அதில் அழுக்குத் தங்கும். ஒரு பகுதியை மட்டும் ஒட்டுப்போட்டால் நிறம் பொருந்தாது. சாணித்தரையைப் போல இதை வீட்டாரே பூசிக்கொள்ள இயலாது, கொத்தரை அழைக்க வேண்டும். பழுதுபார்ப்பு வீட்டாரின் கையை விட்டுத் தொழிலாளியின் கைக்கு மாறியது இந்தக் கட்டத்தில்தான்.

நின்று சமைத்தல்

நின்றபடி சமைக்கும் மேடை, எரிபொருள் மாற்றத்தோடு இணைந்தது. விறகடுப்புக்குத் தரையே ஏற்றது. மண்ணெண்ணெய் அடுப்பும் எரிவாயு அடுப்பும் சமதளமான மேடையைக் கோரின. இந்தியாவில் சமையல் எரிவாயு விற்பனை 1955-இல் மும்பையில் தொடங்கியது. கொங்கு நாட்டு நகரங்களுக்கு அது பிற்பாடு வந்தது. தமிழ்நாடு அரசின் இலவச எரிவாயு அடுப்புத் திட்டம் 2007 முதலும், நடுவண் அரசின் உஜ்வலா திட்டம் 2016 முதலும் ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்பு வழங்கின. கிராமத்து ஓட்டு வீடுகளிலும் இதன்பின் சிறு மேடைகள் கட்டப்பட்டன.

உலக அளவில் தொடர்ச்சியான வேலை மேடையின் முன்மாதிரியாகக் கருதப்படுவது பிராங்க்பர்ட் சமையலறை. ஆஸ்திரியக் கட்டடக்கலைஞர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926-இல் அதை வடிவமைத்தார். சமைப்பவரின் நடையையும் குனிவையும் குறைப்பதே அவரது நோக்கம். கொங்கு நாட்டில் இதே வேலையைக் கருவிகளும் செய்தன. 1950-களில் கோயம்புத்தூரில் உருவாகிப் பின்னர் புவிசார் குறியீடு பெற்ற மாவரைக்கும் கிரைண்டர், ஆட்டுக்கல்லுக்கு மாற்றாக வந்தது. மேசைமேல் வைக்கும் சிறிய வகைகள் அரைக்கும் வேலையை மேடைக்கு உயர்த்தின. மேடை இப்போது சூடு, நீர், அமிலம், எண்ணெய் ஆகியவற்றோடு கருவிகளின் எடையையும் அதிர்வையும் தாங்க வேண்டியதாயிற்று.

கடப்பைக்கல்லும் மொசைக்கும்

கான்கிரீட் வீடுகளின் முதல் தலைமுறையில் பெரும்பாலான மேடைகளுக்குக் கடப்பைக்கல் பதிக்கப்பட்டது. ஆந்திரத்தின் கடப்பைப் படுகையில் தட்டுத் தட்டாகப் பெயர்ந்து வரும் கருமையான சுண்ணாம்புக்கல் அது. விலை குறைவு. செங்கல் தாங்கிகளின் மேல் அப்படியே படுக்கவைக்கலாம். அலமாரித் தட்டுகளுக்கும் அதுவே பயன்பட்டது.

கடப்பைக்கல்லும் சுண்ணாம்புக்கல் என்பதால் புளியும் எலுமிச்சையும் பட்ட இடம் வெளுக்கும். சில ஆண்டுகளில் கருமை மங்கிச் சாம்பல் நிறமாகும். வீடுகளில் இதற்குச் செய்யப்படும் தீர்வு எண்ணெய் தேய்ப்பது. அன்றைக்கு மேடை கறுத்து மின்னும். சோப்பு நீரில் கழுவியதும் பழைய நிறம் திரும்பும். பல ஆண்டுகள் தேய்த்த எண்ணெய் கல்லின் நுண்துளைகளில் தங்கிவிடும்.

சலவைக்கல் சில்லுகளைச் சிமெண்டில் கலந்து, இறுகிய பின் சாணைக்கல்லால் தேய்த்து மெருகேற்றும் மொசைக், சிமெண்டின் வலிமையையும் கல்லின் அழகையும் சேர்த்தது. அமிலத்திடம் அதற்கும் காப்பு இல்லை. சிமெண்டின் விலையிலும் பகிர்விலும் இருந்த அரசுக் கட்டுப்பாடு 1982-இல் ஓரளவும் 1989-இல் முழுமையாகவும் விலக்கப்பட்டது. அதன்பின் கட்டுமானம் பெருகியது. பீங்கான் ஓடுகளும் கிரானைட்டும் சமையலறைக்குள் விரைவாக நுழைந்தன.

கிரானைட்

தமிழ்நாடு கிரானைட் வளம் மிக்க மாநிலம். கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், கரூர், மதுரைப் பகுதிகளில் கல் வெட்டப்படுகிறது. அரசின் தமிழ்நாடு கனிம நிறுவனம் 1978 முதல் இத்துறையில் செயல்படுகிறது. குவார்ட்ஸ், பெல்ஸ்பார் போன்ற கனிமங்களால் ஆன கிரானைட்டைப் புளியின் அமிலம் அரிக்காது. வாணலியின் சூட்டையும் அது தாங்கும். வணிகத்தில் கருப்புக் கிரானைட் எனப்படுவதில் பெரும்பகுதி புவியியல்படி டோலரைட், கேப்ரோ வகைப் பாறைகளே. சமையலறைப் பயன்பாட்டில் அவையும் உறுதியானவை.

இதனால் கிரானைட் நடுத்தரக் குடும்பத்துச் சமையலறையின் அளவுகோலாயிற்று. பழைய மேடை வைத்திருப்பவர்களுக்கு மூன்று வழிகள் உருவாயின. மேடையை உடைத்துப் புதிய கல் பதிப்பது முதல் வழி. பழைய கல்லின்மேல் மெல்லிய கிரானைட்டையோ ஓட்டையோ ஒட்டுவது இரண்டாவது வழி. பூச்சால் புதுப்பிப்பது மூன்றாவது வழி. உடைக்கும்போது தொட்டி, குழாய், சுவர் ஓடு, கீழ் அலமாரி ஆகியவையும் பெயர வேண்டியிருப்பதால் செலவு மேடையோடு நிற்பதில்லை. வேலை முடியும்வரை சமையலும் தடைப்படும். வாடகை வீடுகளில் உடைக்கும் உரிமையே இருப்பதில்லை. பூச்சு முறைக்குத் தேவை எழுந்தது இக்காரணங்களால்தான்.

எப்பாக்சிப் பூச்சு

எப்பாக்சி, இரு பகுதிகளைக் கலந்ததும் வேதிவினையால் இறுகும் செயற்கைப் பிசின். 1930-களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்தானும், 1940-களில் அமெரிக்காவின் சில்வன் கிரீன்லீயும் இதைத் தனித்தனியே உருவாக்கினர். காஸ்தான் தேடியது பல்மருத்துவத்துக்கான பொருள். பின்னர் இது ஒட்டுப்பசை, மின்காப்பு, ஆலைத் தரைப் பூச்சு எனப் பரவியது. கடைசியாக வீட்டுக்குள் வந்து, ஓடுகளின் இடைவெளியை நிரப்பும் பசையாகவும் மேடைப் பூச்சாகவும் பயன்படுகிறது. நிறப் பூச்சின் மேல் கல் போன்ற புள்ளிகளும் கோடுகளும் இட்டு, அதன்மேல் தெளிந்த எப்பாக்சியை ஊற்றிப் பரப்பினால் பழைய சிமெண்ட் மேடை சலவைக்கல் போலத் தோன்றும்.

சாதாரணப் பெயிண்ட் நீரோ கரைப்பானோ ஆவியாகிக் காய்வது. எப்பாக்சி அவ்வாறு காய்வதில்லை. பிசினும் இறுக்கியும் வினைபுரிந்து ஒரே வலைப்பின்னலாகின்றன. ஆகவே கலவை விகிதம் தவறினால் எத்தனை நாள் கழிந்தாலும் பிசுபிசுப்பு நீங்காது. கலந்த கலவையைக் குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் பூசி முடிக்க வேண்டும். கோடை வெப்பத்தில் அந்த நேரம் மேலும் குறையும்.

பூசும் முறை

பூச்சு நிலைப்பது பெரும்பாலும் அடிப்பரப்பைத் தயாரிப்பதைப் பொறுத்தது. முதல் வேலை பழைய எண்ணெயையும் மெழுகையும் நீக்குவது. நீர்த் துளி விட்டால் அது பரவாமல் முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது என்று பொருள். பல ஆண்டுகள் எண்ணெய் தேய்த்த கடப்பைக்கல்லும் காவி மேடையும் இச்சோதனையில் அடிக்கடி தோற்கின்றன. அன்று மேடையைக் காத்த எண்ணெயே இன்று புதிய பூச்சை ஒட்டவிடாமல் தடுக்கிறது.

அடுத்தது ஈரம். ஒரு பிளாஸ்டிக் தாளை மேடையில் நான்கு புறமும் ஒட்டி ஒரு நாள் விட்டால், உள்ளிருந்து வரும் ஈரம் அதன் அடியில் வியர்வையாகத் தெரியும். தொட்டிக் குழாயின் கசிவையும் செங்கல் தாங்கிகளின் வழி ஏறும் ஈரத்தையும் முதலில் நிறுத்த வேண்டும். சுண்ணாம்பைப் போல எப்பாக்சி ஈரத்தை வெளியே விடுவதில்லை. அடியில் சிக்கிய நீர் பூச்சைக் கொப்பளமாகத் தூக்கும்.

பின்னர் வழவழப்பான பரப்பை உப்புத்தாள் அல்லது சாணைக்கல்லால் சொரசொரப்பாக்கி, வெடிப்புகளை நிரப்பி, தூசி துடைத்து, அடிப்பூச்சு இட்டு, மேற்பூச்சுப் பூசப்படுகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் இவ்வேலையைத் தவிர்ப்பது நல்லது. காற்றில் ஈரம் மிகுந்தால் சில வகை எப்பாக்சிகளின் மேல் வெண்மையான வழுக்குப் படலம் படியும். ஒரு நாளில் தொடும் அளவுக்கு இறுகினாலும் முழு வலிமை பெறச் சுமார் ஒரு வாரம் ஆகும். இறுக்கி தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். எனவே கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம்.

தாங்குவதும் தாங்காததும்

நன்கு இறுகிய எப்பாக்சி நீரையும் எண்ணெயையும் வீட்டுச் சமையலின் அமிலத்தையும் தாங்குகிறது. புளிக்கு அஞ்சிய சிமெண்டுக்கும் கடப்பைக்கல்லுக்கும் இது உண்மையான பாதுகாப்பு. அதன் பலவீனம் வெப்பம். சாதாரண வகைகள் நீர் கொதிக்கும் சூட்டுக்கு முன்பே இளகத் தொடங்கும். தாளிப்புக் கரண்டியையோ இட்லிப் பானையையோ அடுப்பிலிருந்து இறக்கி நேரே வைத்தால் வட்டத் தடம் விழும். மண்பானைக் காலத்துப் பிரிமணை இம்மேடைக்கு மீண்டும் தேவையாகிறது. காய்களைப் பலகையில் வைத்தே நறுக்க வேண்டும். சன்னல் வெயில் நேரே படும் இடத்தில் தெளிந்த பூச்சு மஞ்சளாக மாறும்.

ஈரோடு வட்டாரத்துக்கே உரிய மற்றொரு சோதனை மஞ்சள் கறை. ஈரோட்டு மஞ்சள் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதிலுள்ள குர்க்குமின் வெளிர்நிறப் பூச்சுகளில் எளிதில் பற்றும். உடனே துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். எஞ்சிய சாயல் வெயில் பட்டால் மங்கும். சோப்பு, சுண்ணாம்பு போன்ற காரம் பட்டால் அது சிவக்கும். வெண்ணிற மேடையை விட அடர்நிற மேடையே இவ்வட்டாரச் சமையலுக்கு ஏற்றது என்பதை இக்கறை உணர்த்துகிறது.

பூச்சு முதலில் பெயரும் இடங்கள் தொட்டியின் விளிம்பும், கிரைண்டர் நிற்கும் இடமும், மேடையின் முன் ஓரமும். பெயர்ந்த இடத்தின்மேல் மட்டும் மீண்டும் பூசினால் பயனில்லை. சுற்றியுள்ள தளர்ந்த பகுதியைத் தேய்த்து நீக்கி, ஈரத்தின் மூலத்தை அடைத்த பிறகே பூச வேண்டும். தாங்கி சரிந்த மேடையையும், உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து வெடித்த கான்கிரீட் பலகையையும் எந்தப் பூச்சும் காப்பாற்றாது. அவற்றை உடைத்துக் கட்டுவதே முறை.

பூச்சும் உழைப்பும்

சாணி மெழுக்கு சில நாளிலும், வெள்ளை ஓராண்டிலும், எண்ணெய் சில வாரங்களிலும் புதுப்பிக்கப்பட்டன. அவற்றின் ஆயுள் குறைவு, ஆனால் அவை தோற்றால் இழப்பும் குறைவு. தவறாகப் பூசிய சாணியை மறுநாள் திருத்திக்கொள்ளலாம். தவறாகப் பூசிய எப்பாக்சியைத் தேய்த்தெடுப்பது, பூசியதை விடக் கடினமான வேலை. ஆயுள் நீண்ட பூச்சு, தொடக்கத்தில் அதிகக் கவனத்தைக் கோருகிறது.

மறுபுறம், மெழுகும் வேலை மறைந்ததால் பெண்களுக்கு மிஞ்சிய நேரமும் நிமிர்ந்த முதுகும் சிறிய ஆதாயமல்ல. பழைய பூச்சுகளின் எளிமையைப் போற்றும்போது அவற்றுக்குப் பின்னிருந்த அன்றாட உழைப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். கொங்கு நாட்டுப் பழைய வீடுகள் பலவற்றில் சாணித்தரை, காவித்தரை, கடப்பை மேடை, கிரானைட் மேடை ஆகிய நான்கையும் தம் வாழ்நாளுக்குள்ளேயே கண்ட மூத்த பெண்கள் இருக்கின்றனர். எந்தப் பரப்பு எதைத் தாங்கும் என்ற அவர்களது அனுபவம், பழைய மேடையை உடைப்பதா பூசுவதா என்று முடிவெடுக்கும் குடும்பங்களுக்கு இன்றும் பயன்படும்.